தங்கையின் பேனா

பேனாவுக்கு முனையே இல்லை. கிருஷ்ணவேணி அதை வரைபலகையின் மேல் சும்மாதான் வைத்திருந்தாள். ஆனாலும் கணினித் திரையில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தானாக நீண்டுகொண்டிருந்தது.

அவள் பயப்படவில்லை. ஒடிந்த முனை உள்ளே சிக்கி, அழுத்தத்தை உணரும் இடத்தை அமுக்கிக்கொண்டிருந்தால் இப்படி ஆகும்; பலமுறை பார்த்திருக்கிறாள். ஆனால் அப்போதெல்லாம் கிறுக்கலாகத்தான் வரும். இந்தக் கோடோ மெலிந்து, தடித்து, வளைந்து ஒரு புருவமாய் நின்றது. அழகாகவும் இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பேனா தங்கை திவ்யலட்சுமியுடையது. மத்தியானம் சாப்பிட்ட கையோடு மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்திருந்தாள்.

“அக்கா, பேனா கீழ விழுந்துட்டு. முனை உள்ளயே ஒடிஞ்சு இருக்கு. ஒண்ணு சரியாக்கித் தா, கேட்டியா? சாயங்காலத்துக்குள்ள படம் அனுப்பணும்.”

“நானும்தான் அனுப்பணும்.”

“அதுக்கென்ன? நம்மள்ல ஆருக்குக் கெடச்சாலும் சந்தோஷம்தானே!”

சந்தோஷமாம்! ஒரு பதிப்பகம் தன் சிறுவர் நூல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஓவியரைத் தேடியது. மாதிரிக்கு ஒரு பெண்ணின் முகத்தைக் கேட்டிருந்தது. இருவரில் ஒருத்திக்குத்தான் கிடைக்கும். முதலில் வரையத் தொடங்கியவள் கிருஷ்ணவேணி. அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக் கற்றவள் திவ்யா. இப்போது அவர்கள் குடியிருக்கும் ஸ்ரீவராகத்தில் யாரைக் கேட்டாலும், திவ்யா வரைஞ்சா ஆளு எழும்பி வரும் என்கிறார்கள். அக்காவை எதற்குத் தேடுவார்கள்? பேனா கெட்டுப்போனால் தேடுவார்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. அக்கா தங்கைக்குச் சொல்லவா வேண்டும்? அவளுக்கு வயிறு எரிந்தது.

அப்பாவும் அம்மாவும் நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வெளியே வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழை ஓட்டின் மேல் விடாமல் இரைந்துகொண்டிருக்க, நனைந்த கால்மிதியின் வாடையும் துடைப்பதற்கு எடுத்த ஸ்பிரிட்டின் நெடியும் கலந்த அந்த மங்கல் அறையில், அவள் சாமணத்தால் ஒடிந்த துண்டை மெல்ல மெல்ல இழுத்தெடுத்து, புது முனை செருகிக் கோடு போட்டுப் பார்த்தாள். கோடு வழுக்கிக்கொண்டு ஓடியது. அவளுடைய பேனாவில் ஒருநாளும் அப்படி வந்ததில்லை.

இரண்டும் தம்பானூரில் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. திவ்யா மட்டும் தன்னுடையதில் சிவப்பு நூல் சுற்றியிருந்தாள். அப்படியே மாற்றினால் கண்டுபிடித்துவிடுவாள். உள்ளே இருப்பதை மாற்றினால்?

வித்தை தங்கையின் கையில் இல்லை, பேனாவுக்குள் இருக்கும் இந்தச் செம்புச் சுருளில்தான் இருக்கிறது என்று நம்ப அவளுக்கு இனிப்பாக இருந்தது. இரண்டு பேனாக்களையும் திறந்தாள். சுருளும் சின்ன மின்சுற்றுப் பலகையும் இடம் மாறின.

“திவ்யா, ஆச்சு. வந்து எடுத்துக்கோ.”

“என் பொன்னு அக்கா!” என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு அவள் மாடிக்கு ஓடினாள்.

கிருஷ்ணவேணி தன் பேனாவைப் பலகையில் வைத்துவிட்டுக் கை துடைக்கத் திரும்பினாள். கீறும் ஓசை கேட்டது. பேனா அசையவில்லை. திரையில் ஒரு கண் உருவாகிக்கொண்டிருந்தது. இமை, விழி, இமைக்குக் கீழே கடுகளவு மச்சம். திவ்யாவின் இடது கண்.

மாடியிலிருந்து குரல் வந்தது. “அக்கா, ஒரு கண்ணு தெரியல்ல! தொட்டா ஒண்ணுமே இல்ல அக்கா!”

கிருஷ்ணவேணியின் விரல் பதறிப்போய், கடைசியாக வரைந்ததை நீக்கும் அன்டூவை அழுத்தியது. திரையில் இருந்த கண் மறைந்தது.

“ஆ... இப்போ சரியாச்சு. பயந்தே போயிட்டேன்.”

மறுபடியும் கீறல். அதே கண். இந்த முறை இன்னும் அழகாக. அவள் விரல் அன்டூவின் மேலேயே இருந்தது. அழுத்தினால் போதும். ஆனால் இப்படியொரு படம் தன் பலகையில் இனி எப்போது வரும்? முடியட்டும். அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் அழித்துவிடலாம். கொஞ்ச நேரம்தானே!

“அக்கா! அக்கா, மேல வா!”

மற்றொரு கண். மூக்கு.

“அக்கா...”

உதடுகள். அதோடு குரல் நின்றது.

மழை மட்டும் கேட்டது. படம் முடிந்திருந்தது. உயிரோடு இருந்தது. அனுப்பினாள். உடனே அன்டூவை அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். முகம் அப்படியே இருந்தது.

படியில் காலடி. சுவரைத் தடவும் ஓசை.

வாசலில் திவ்யா நின்றாள். அதே சுடிதார். அதே பின்னல். நெற்றியிலிருந்து மோவாய்வரை ஒன்றுமே இல்லை. வெறும் தோல். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மறுகையை அக்காவை நோக்கி நீட்டினாள்.

அந்த நேரத்திலும் கிருஷ்ணவேணிக்கு முதலில் தோன்றியது, இந்தப் படத்தை இவள் பார்த்துவிடக் கூடாது என்பதுதான். கண்ணில்லாதவளிடமிருந்து மறைப்பதற்காகத் திரையின் மேல் உள்ளங்கையைப் பரப்பினாள்.

திரை வெதுவெதுப்பாக இருந்தது. கைக்கு அடியில், நனைந்த இமைகள் படபடவென்று அடித்துக்கொண்டன.