ஒரு சிவப்பு அட்டை குறைகிறது!

"வீ...ல்!"

காரைக்குடியின் அந்த சாஃப்ட்வேர் கம்பெனியே அலறியது.

ஜனனி மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தாள். வாயோரம் நுரை. பக்கத்தில் பாதி குடித்த காபி.

புது முறையில் சாஃப்ட்வேர் எழுதக் கற்றுத்தர, சென்னையிலிருந்து வரவழைக்கப்பட்ட நிபுணர். வந்த நாற்பதாவது நாளே பிணம்!

காபி கொண்டுபோய் வைத்தவள் சுபலட்சுமி. அங்கே புரோகிராமர்.

இன்ஸ்பெக்டர் காளீஸ்வரி வந்ததும், முதலாளி சேவுகப்பெருமாள் உட்கார்ந்தபடியே ஒரு தாளை நீட்டினார்.

"அஞ்சு பேரை வேலையை விட்டு எடுக்கச் சொல்லி அந்தப் பொண்ணு குடுத்த லிஸ்ட் மேடம். முதப் பேரைப் பாருங்க."

சுபலட்சுமி!

"ஐயோ... நான் இல்ல மேடம்! அவங்க சீட்டுல இல்லாதப்ப காபி வச்சுட்டு வந்ததோட சரி. வீட்டுல ஆறு மாசக் கைப்புள்ள இருக்கு... என்னைய உள்ள வச்சா அது பாலுக்கு என்ன பண்ணும்?"

பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அழக்கூட முடியவில்லை, பாவம்.

காளீஸ்வரியின் பார்வை அந்தச் சுவரில் நின்றது. வரிசை வரிசையாக அட்டைகள்.

"என்ன இது?"

"தினம் காலையில இதுக்கு முன்னாடி எல்லாரும் நின்னுக்கிட்டே பேசணும் மேடம். முடிச்ச வேலை பச்சை. முடிக்க வேண்டியது மஞ்சள். வேலைக்கு எது தடையோ, அது சிவப்பு. ஜனனி மேடம் வச்ச பழக்கம்."

"சிவப்பு ஒண்ணுகூட இல்லையே?"

"இருந்துச்சே...! ஜனனி மேடத்துக்கு அடுத்து நான்தான் வருவேன். வந்ததும் சுவரைப் போட்டோ எடுக்கணும். இன்னைக்கும் எடுத்தேன், அவசரத்துல படிக்கல..." சுபலட்சுமி செல்போனில் தேடினாள். "எங்கிட்டுப் போச்சு... இந்தாங்க மேடம்!"

காளீஸ்வரி படத்தைப் பெரிதாக்கினாள். ஜனனியின் கையெழுத்து.

'தடை: முதலாளி. ஆட்குறைப்பு லிஸ்ட்டை அவரே போட்டுவிட்டு, என் பெயரில் வெளியிடச் சொல்கிறார். மறுத்தேன். நேற்று மிரட்டினார். இன்று எல்லோரிடமும் சொல்வேன்.'

"சார்... இந்தப் போட்டோ விஷயம் உங்களுக்குத் தெரியாதோ?"

சேவுகப்பெருமாளின் நெற்றி வியர்த்தது. "நான் அந்த மீட்டிங்குக்கெல்லாம் போறதில்ல..."

"கான்ஸ்டபிள்! ஐயா ரூம் குப்பைக்கூடையைக் கவுருங்க!"

கிழிந்த சிவப்புத் துண்டுகள் கொட்டின. கூடவே, காலியான எலி மருந்துப் பொட்டலம்!

சுபலட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

காளீஸ்வரி முதலாளி பக்கம் திரும்பினாள். "அம்புட்டுத் தூரத்துல இருந்து ஆளைக் கூட்டியாந்தீக. ஒரு நாளாவது அவ சொல்லிக்குடுத்ததைக் கேட்டிருந்தா, மாட்டியிருக்க மாட்டீக!"

சேவுகப்பெருமாள் நாற்காலியை இறுகப் பற்றினார். "உக்காந்து பேசுவோமே மேடம்..."

காளீஸ்வரி சிரித்தாள்.

"எந்திரிங்க. எங்க ஸ்டேஷன்லயும் நின்னுக்கிட்டுத்தான் பேசணும்!"