கிளம்பித் தொலை, காரே!

டக்.

நரசிம்மலு சாவியை மறுபடியும் திருகினான்.

டக்!

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தக் கார் ஒரு வார்த்தை பேச மறுத்தது.

முன்னால், உயிரில்லாத பேட்டரி.

பின்னால்... டிக்கியில்... ஜமக்காளத்தில் சுருட்டிய பார்ட்னர் ஞானாபரணம்!

"கிளம்பித் தொலை சனியனே!"

ஸ்டியரிங்கை ஓங்கி அறைந்தான். கை ஹாரனில் பட்டது. ஹாரன்கூட முழுசாய்க் கத்தவில்லை. ஜலதோஷம் பிடித்தது மாதிரி முனகிவிட்டு ஓய்ந்தது.

கோவை கணபதியில் ஓர் அபார்ட்மெண்ட். ஞாயிற்றுக்கிழமை காலை. கார் பார்க்கிங்கில் ஈ காக்கை இல்லை. இப்போதே கிளம்பினால், ஊர் ஜனம் சர்ச்சுக்கும் கறிக்கடைக்கும் கிளம்புவதற்குள் வாய்க்காலில் தள்ளி வேலையை முடித்துவிடலாம்.

கிளம்பினால்!

எல்லாம் நேற்று சாயங்காலம் இதே இடத்தில் நடந்தது. பல்லடத்தில் இருவருக்கும் பொதுவான நூல் குடோன். போன மாதம் எரிந்து போனது. இன்சூரன்ஸ் பணத்துக்காகத் தீ வைத்ததே நரசிம்மலுதான் என்று ஞானாபரணத்துக்குத் தெரிந்துவிட்டது.

"திங்கக்கிழமை போலீசுக்குப் போறனுங்க. மனசு கேக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான் அந்த அப்பாவி.

வீல் ஸ்பேனரால் ஒரே போடு!

விழுந்தவனை டிக்கியில் திணித்து மூடுவதற்கும், அபார்ட்மெண்ட் சங்கக் கூட்டத்துக்கு ஆட்கள் பார்க்கிங்கில் நாற்காலி போடுவதற்கும் சரியாய் இருந்தது. கார் வெளியே போக வழியில்லை. தண்ணீர்த் தொட்டியைப் பற்றி அவர்கள் பேசினார்கள்... பேசினார்கள்... பேசிக்கொண்டே இருந்தார்கள்! முடித்ததும் கேட்டைப் பூட்டிவிட்டார்கள்; விடிந்துதான் திறந்தார்கள்.

இப்போது வழி இருக்கிறது. கார்தான் நகரவில்லை.

செல்போன் அலறியது. ஞானாபரணத்தின் மனைவி அற்புதம்!

"ஏனுங்கண்ணா... அவரு உங்களப் பாக்கத்தான் வந்தாரு. இன்னும் ஊடு வந்து சேரலீங்க..."

"இங்க வரவே இல்லீங்களே, அம்மணி!"

"எனக்குப் பயமா இருக்குதுங்கண்ணா. போலீசுல சொல்லிப்போட்டேன். இன்ஸ்பெக்டரம்மா உங்கள விசாரிக்கத்தான் கிளம்பி வாராங்க..."

நரசிம்மலு போனை அணைத்தான். சாவியைத் திருகினான்.

டக்!

"ஏனுங்க சார்... ஸ்டார்ட் ஆகலீங்களா?"

தூக்கிவாரிப் போட்டது. ஜன்னலோரம் சிரித்த முகத்தோடு பஷீர் பாய். முதல் மாடிக்காரர். உக்கடத்தில் பேட்டரிக் கடை. அடுத்தவருக்கு உதவாவிட்டால் தூக்கம் வராத ரகம். நல்லவர்தான். ஆனால் நல்லவர்கள் வரும் நேரம்தான் எப்போதும் சரியில்லை!

"ஒண்ணுமில்லீங்க பாய். நீங்க போங்க."

"அதெப்படிங்க உட்டுட்டுப் போறது? பானெட்டைத் தெறங்க. இல்லாட்டி தள்ளி உட்டுப் பாக்கலாமுங்களா?"

பஷீர் காருக்குப் பின்னால் போய் டிக்கிமேல் இரண்டு கைகளையும் வைத்தார்.

"தள்ளாதீங்க!" நரசிம்மலு அலறினான். "தள்ளினா... தள்ளினா இஞ்சின் கெட்டுப்போயிருமுங்க! முன்னாடி வாங்க பாய்! பானெட்டைத் தெறக்கறேன்!"

முட்டாள்! தள்ளியிருந்தால் ஒருவேளை வண்டி கிளம்பியிருக்கும்.

பஷீர் எட்டிப் பார்த்தார். பேட்டரி டெர்மினலில் உப்புப் பூத்திருந்தது.

"என்னங்க இது, வண்டிய எடுக்கறதே இல்லீங்களா?"

"வாரம் ஒருக்கா அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி வெச்சு ஆஃப் பண்ணிருவனுங்க..."

"அதுதாங்க தப்பு! ஸ்டார்ட் ஆகறதுக்கு எடுத்த கரண்டக்கூட அந்த அஞ்சு நிமிசத்துல திருப்பித் தராதுங்க. ஓட்டோணும். நல்லா ஓட்டோணும்!"

"ஓட்டத்தானுங்க போறேன்! கொஞ்சம் வெரசாப் பாருங்களே!"

"வெரசாவா? இருங்க... சுடுதண்ணி கொண்டு வாரேன்."

போனார். வந்தார். ஊற்றினார். பிரஷ் போட்டுத் தேய்த்தார். டெர்மினலைக் கழற்றி மாட்டினார். தேய்க்கும்போதே மருமகன் ஊர்க் கதையெல்லாம் சொன்னார். நரசிம்மலுவுக்கு அந்தப் பிரஷ்ஷைப் பிடுங்கிக் கடித்துத் துப்பலாம் போல இருந்தது.

"இப்ப அடிங்க!"

டக்!

"அட! அப்ப சார்ஜே இல்லீங்க. இருங்க, என் வேன்ல பேட்டரி இருக்குது... ஒயர் போட்டுரலாம்."

மறுபடியும் போனார். ஆடி அசைந்து வந்தார். சிவப்பு ஒயரை மாட்டினார். கறுப்பு ஒயரை மாட்டினார்.

"ம்... அடிங்க!"

உர்ர்ர்ரூம்!

கார் உயிர் பெற்றது! நரசிம்மலுவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஒயர்களைக் கழற்றிய பஷீரைக் கும்பிட்டான். கியரில் கை வைத்தான்...

பஷீர் ஜன்னல் வழியே கையை விட்டு, சாவியைத் திருகி, இஞ்சினை அணைத்தார்!

"பாய்ய்ய்! ஏனுங்க ஆஃப் பண்ணீங்க?"

"கரண்ட் எங்க போச்சுன்னு கண்டுபிடிக்காம அனுப்பினா, போற வழியில நின்னு போயிருமுங்க. அப்புறம் பஷீர் பாத்த வண்டின்னு நாலு பேர் சிரிப்பாங்க. என்னமோ ஒண்ணு கரண்டக் குடிச்சுக்கிட்டே இருக்குதுங்க!"

"குடிச்சா குடிச்சுட்டுப் போகட்டும்! என்னை உடுங்க!"

"கோவிச்சுக்காதீங்க. ரெண்டே நிமிசம்."

பேட்டரி ஒயரில் மீட்டரை மாட்டினார். சாவி போடாமலே மீட்டர் ஓடியது. பியூஸ்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிப் பார்த்தார். ரேடியோ இல்லை. ஹாரன் இல்லை. அடுத்ததைப் பிடுங்கினார். மீட்டர் பொட்டென்று இறங்கியது!

"சிக்கிருச்சுங்க! டிக்கி லைட்டு! டிக்கி சரியா மூடலீங்க. ராத்திரி பூரா உள்ள லைட்டு எரிஞ்சிருக்குது!"

நரசிம்மலு டிக்கியைத் திரும்பிப் பார்த்தான்.

சத்தியமாய்ச் சரியாய் மூடவில்லைதான். சங்கத்துக்காரர்கள் வந்த பதற்றத்தில், அரைகுறையாய்க் கொக்கியில் மாட்டிய மூடியை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருந்தான்.

"டிக்கி சாவி என் சம்சாரத்துகிட்ட இருக்குதுங்க. அவ பவானிக்குப் போயிருக்கா. நான் அப்புறமாப் பாத்துக்கறேன்..."

அந்த நேரம் பார்த்து கேட்டுக்குள் நுழைந்தது போலீஸ் ஜீப்!

இன்ஸ்பெக்டர் லோகப்பிரியா இறங்கினாள்.

"நரசிம்மலுங்கறது நீங்கதானே? ஞானாபரணம் நேத்து உங்களப் பாக்க வந்தாரா?"

"வரலீங்க மேடம். நானும் அவரத் தேடித்தான் கிளம்பிட்டிருந்தேன். இந்தப் பாழாப்போன வண்டி..."

"நேத்து யாராச்சும் வந்தாங்களா பாய்?" பஷீரின் பக்கம் திரும்பினாள் லோகப்பிரியா.

"நான் கடையிலிருந்து வரவே நேரமாயிருச்சுங்க மேடம்."

லோகப்பிரியா பார்க்கிங்கை ஒரு சுற்றுப் பார்த்தாள். நரசிம்மலுவின் வேர்த்த முகத்தைப் பார்த்தாள். மக்கர் பண்ணும் காரோடு மல்லாடுகிறவனுக்கு வேர்க்கத்தான் செய்யும்.

"சரி. தகவல் கெடைச்சா உடனே போன் பண்ணுங்க."

திரும்பி நடந்தாள். ஜீப்பில் ஏறினாள். ஜீப் உறுமியது...

தப்பித்தோம்! மூச்சு விட்டான் நரசிம்மலு.

பஷீர் மட்டும் பின்பக்கம் நின்று டிக்கியின் இடுக்கைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜமக்காளம் துருத்திக்கிட்டு நிக்குதுங்க. தெறக்க வேண்டாம் உடுங்க. நல்லா ஒரு அமுக்கு அமுக்கினா மூடிக்கும்!"

"பாய், வேண்..."

தொம்!

மூடவில்லை. பஷீர் இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்பு பாரம் மொத்தத்தையும் இறக்கினார்.

தொம்ம்!

"ஏ...னுங்க..."

டிக்கிக்குள்ளிருந்து ஒரு குரல்!

"ஏனுங்க... மெதுவாங்க... முட்டி நசுங்குதுங்க..."

பஷீர் துள்ளி விலகினார். ஜீப் சடன் பிரேக் போட்டது. ஓடி வந்த லோகப்பிரியா, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலிருந்த லிவரை இழுத்தாள். டிக்கி மேலே எழும்பியது.

ஜமக்காளத்துக்குள் ஞானாபரணம். மண்டையில் ரத்தம் காய்ந்து கிடந்தது. கண் இமைகள் துடித்தன. மூச்சு வந்தது! ராத்திரி முழுக்க பேட்டரியைக் குடித்துத் தீர்த்த அதே இடுக்குதான், ராத்திரி முழுக்க அவனுக்குக் காற்றையும் விட்டிருந்தது.

ஆம்புலன்ஸ் கதறிக்கொண்டு வந்தது. ஞானாபரணத்தை ஏற்றினார்கள். நரசிம்மலுவின் கையில் விலங்கு விழுந்தது.

"செத்துட்டான்னுதானே நெனச்சேன்..." பைத்தியம் பிடித்தவன் போல முணுமுணுத்தான் அவன்.

பஷீர் மீட்டரைச் சுருட்டிப் பைக்குள் வைத்தபடி, அப்போதும் மரியாதை குறையாமல் சொன்னார்:

"எதையுமே செக் பண்ணாம செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணிப்போடறீங்களே, சார்... அப்புறம் எப்படிங்க உங்க தொழில் வெளங்கும்?"