வெள்ளைக்கு அடியில்

புதியவள் வேலைக்குச் சேர்ந்து பதினேழு நாட்களும் மூன்று மணி நேரமும் ஆகியிருந்தபோது, தன் படக்கோப்பு ஒன்றில் தான் போடாத வெள்ளை லேயர் ஒன்று மேலடுக்காக இருப்பதைப் பூனை பார்த்தாள்.

புகைப்படங்களை மரப்பலகையில் செதுக்கித் தரும் அந்தக் கடையில் எல்லோரும் அவளைப் பூனை என்றுதான் கூப்பிட்டார்கள். லேசர் இயந்திரத்தை ஓட்டும் அண்ணன் வைத்த பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது என்பார். நான்கு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. வாடிக்கையாளர்கள் தரும் புகைப்படத்தில் ஆட்களை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் இருக்கும் சுவர், மரம், வண்டி, யாரோ ஒருவரின் முழங்கை எல்லாவற்றையும் நீக்கி, கறுப்புவெள்ளையாக்கி இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். கறுப்பு இருக்கும் இடத்தை லேசர் பலகையில் சுடும். வெள்ளையைத் தொடாது. அந்த வெள்ளையில் துளி சாம்பல் கலந்திருந்தாலும் திரையில் கண்ணுக்குத் தெரியாது. லேசருக்குத் தெரியும். பலகையில் அழுக்குப் புள்ளிகளாக வந்து உட்காரும்.

அவள் வேலையில் அப்படி ஒரு புள்ளி வந்ததில்லை. தலைமுடியை இழை இழையாக வெட்டுவாள். அந்த நேரம் முழுக்க, யாரோ இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, அவன் விரல்கள் அவள் தோளில் அழுந்திய பள்ளம்வரை பார்ப்பாள். தன்னையறியாமல் தன் தோளைத் தடவிக்கொள்வாள். அது பழகிவிட்டது.

இப்போது, வெட்டியெடுத்த ஜோடிக்குப் பின்னால், ஏற்கெனவே சுத்தமாக இருந்த வெள்ளையின்மேல் இன்னொரு வெள்ளை.

“அண்ணே, என் ஃபைலை யாரு தொட்டாங்க?”

அண்ணன் இயந்திரத்தின் கண்ணாடி மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “புதுசுதான். கடைசியா ஒரு தடவை அது பார்த்துட்டுத்தான் மெஷினுக்கு வரணும்னு முதலாளி சொல்லியிருக்காரு.”

“எதுக்கு? என் வேலையில குறை இருக்கா?”

“உன் வேலையில குறை கண்டுபிடிக்கிறவன் முதல்ல கண் டாக்டரைப் பார்க்கணும்.” அவர் சிரித்தார். ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல் சிரித்தார்.

புதியவளுக்குப் புது நாற்காலி. ஜன்னலோர மேசை. முதலாளி டீ வாங்கப் போகும்போது அவளிடம் மட்டும் “சர்க்கரை போடலாமாம்மா?” என்று கேட்கிறார். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். மதியம் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பு சுவரைத் தாண்டி வரும். நான்கு வருடம் ஒரு புள்ளி இல்லாமல் வேலை பார்த்தவளைச் சரிபார்க்க, மவுஸையே தயங்கித் தயங்கிப் பிடிக்கிற ஒருத்தி. நாளைக்கு இந்த நாற்காலியும் போகும் என்று பூனைக்குத் தோன்றியது. இந்த நாற்காலியை விட்டால் அவளுக்குப் போக வேறு இடம் இல்லை.

அவள் கொஞ்சமாகத்தான் செய்தாள். புதியவள் சரிபார்த்து முடித்த கோப்பைத் திறந்து, அந்த வெள்ளை லேயரின் அடர்த்தியை நூறிலிருந்து தொண்ணூற்றேழாகக் குறைத்தாள். திரையில் எந்த மாற்றமும் இல்லை. அடியிலும் வெள்ளைதான், ஆனாலும் இரண்டும் கலக்கும்போது மங்கலாகச் சில புள்ளிகள் வரும், புதியவளுக்குத் திட்டு விழும், அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

புள்ளிகள் வரவில்லை. பலகையில் அந்த ஜோடிக்குப் பின்னால், புகை எழுந்து நின்ற மாதிரி நீளமாக ஒரு கறை வந்தது.

முதலாளி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பூனை தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தாள். திட்டு விழவில்லை.

“மறைக்கலையாம்மா?” என்று புதியவளிடம் மெல்லக் கேட்டார்.

“மறைச்சேனே சார்.”

“சரி. இன்னும் கவனமா பாரு.” பலகையைக் குப்புற வைத்துவிட்டு வெளியே போனார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

அவ்வளவு மென்மையாக அவர் பேசி பூனை கேட்டதே இல்லை.

அடுத்தது ஒரு குழந்தையின் படம், அம்மாவின் மடியில். லேயரைத் தொண்ணூறாகக் குறைத்தாள். அண்ணன் பாதியிலேயே இயந்திரத்தை நிறுத்தினார். அவள் எழுந்து போய் எட்டிப் பார்ப்பதற்குள் உள்ளங்கையால் பலகையை மூடினார். விரல்களுக்கு இடையில் தெரிந்தது. அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பெண், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு.

“யாருண்ணே அது?”

“யாருமில்ல. நீ போய் உட்காரு.”

“ஒரு பொம்பளை மாதிரி…”

“உட்காருன்னு சொன்னேன்ல பூனை.” அவர் குரல் கரகரத்தது.

இடத்தில் உட்கார்ந்து வாடிக்கையாளர் அனுப்பிய மூலப்படத்தைத் திறந்தாள். நாற்காலிக்குப் பின்னால் ஒரு திரைச்சீலை, ஒரு சுவிட்ச் பலகை. ஆள் யாரும் இல்லை. புதியவளின் குறும்பு என்று முடிவு செய்தாள். பூனையின் வேலையில் அழுக்கைச் சேர்த்து, மேலே வெள்ளை பூசி, மாட்டிவிடப் பார்க்கிறாள். அந்த முடிவு அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. ஆனால் அன்றைக்கெல்லாம் அறையில் மரம் கருகிய மணம் வரவில்லை. தலைமுடி கருகுகிற நாற்றம் வந்தது.

மறுநாள் காலையிலிருந்தே மழை. மதியத்துக்குள் அறை மங்கிவிட்டது. முதலாளி வசூலுக்குப் போயிருந்தார். அண்ணனும் புதியவளும் முன்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பூனை புதியவளின் கணினியில் ஒரு கோப்பைக் கண்டாள். புதியவளும் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனும். கல்யாணத்துக்குப் பலகை செதுக்குகிறாள். தானே வெட்டியிருக்கிறாள், அதுவும் மகா மட்டமாக. காதோரம் கத்தரியால் நறுக்கிய மாதிரி இருக்கிறது. கடையில் ஒவ்வொரு படமும் பூனையின் கைவழியாகத்தான் போகும். இதை மட்டும் அவளிடம் காட்டவில்லை.

தன் படத்தைக்கூடத் தரமாட்டாளாமே.

அவள் அந்தப் புது நாற்காலியில் உட்கார்ந்தாள். முடியை முதலிலிருந்து வெட்ட ஆரம்பித்தாள். ஏன் என்று தெரியவில்லை, அப்படி அசிங்கமாக விட மனம் வரவில்லை. மழை தகரக் கூரையில் ஒரே சீராக இறங்க, புகை உறிஞ்சும் விசிறி சுவருக்குள் யாரோ மூச்சு விடுவதுபோல் இழுத்து இழுத்து ஓட, அவள் இழை இழையாகப் போனாள். காது, காதுக்குக் கீழே அவன் கை, அந்தக் கையை நோக்கி மிகச் சிறிதாகச் சாய்ந்திருந்த கன்னம். பெரிதாக்கினாள். அவன் விழியில் புதியவளின் உருவம் புள்ளியாகத் தெரிந்தது. இன்னும் பெரிதாக்கினாள். அந்தப் புள்ளி இருக்கும் இடத்தில் தான் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று கவனிக்கவில்லை.

பிறகு வெள்ளை லேயரை முழுவதுமாக நீக்கினாள். கல்யாணப் பலகை பாழாகட்டும். அழுதுகொண்டு வேலையை விட்டுப் போகட்டும்.

கோப்பை அனுப்பினாள். பலகையை வைத்து மூடியை இறக்கி, அண்ணன் அழுத்துவதைப் பார்த்துப் பழகிய பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

லேசர் மேலிருந்து கீழே வரும். இடமிருந்து வலம் ஒரு கோடு, வலமிருந்து இடம் ஒரு கோடு, சர்ர் சர்ர் என்று. அவன் உயரமானவன். முதலில் வர வேண்டியது அவன் தலைமுடி.

முதலில் வந்தது ஒரு வகிடு.

பலகையின் நடுவில். கோணலான வகிடு. கொஞ்சம் இடப்பக்கம் விலகி, மறுபடி நேராகும் வகிடு. அது அவளுக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறாள்.

சர்ர்.

நெற்றி வந்தது. நாற்றம் கண்ணில் எரிந்தது. நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. கை நகரவில்லை.

புருவம். சாய்ந்த தலை. அந்தத் தலைக்குப் பின்னால் அவனுடைய ஒரு காது மட்டும் தெரிந்தது.

சர்ர்.

கண்கள். பலகைக்குள்ளிருந்து வெளியே பார்க்கவில்லை. பக்கத்தில் எதையோ பார்த்தன. கோடு கோடாக இறங்க இறங்க அது எதை என்று தெரிந்தது. அவன் தோளில் அழுந்தியிருந்த கையை. அந்தக் கை புதியவளுடையது அல்ல.

புதியவள் எங்கே.

உதடு. கழுத்து. புதியவள் இல்லை. ஓரத்தில் அவள் கம்மல் ஒன்று. அரைக் கன்னம். மூடியிருந்த கண். அவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால்.

இயந்திரம் நின்றது. மழை கேட்டது.

பின்னால் ஒரு மூச்சு. திரும்பினாள். புதியவள் ஈரக் கையோடு கதவருகே நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடி மூடிக்குக் கீழே இன்னும் புகைந்துகொண்டிருந்த பலகையைப் பார்த்தாள். கத்தவில்லை. கை மெல்லத் தன் கழுத்துக்குப் போனது.

“என் படத்தைத் தொட்டீங்களா அக்கா?”

பூனை மூடியின்மேல் கையை வைத்துப் பலகையை மறைக்கப் பார்த்தாள்.

“உங்ககிட்ட போகாம இருக்கணும்னுதான் நானே வெட்டினேன்.”

“இது… நீ வரைஞ்சதுதானே. எல்லாம் நீ சேர்க்கிறதுதானே.”

“நான் எதையும் சேர்க்கலக்கா.” அவள் குரல் நடுங்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “உங்க கையில வந்து போற எல்லாப் படத்திலயும் பின்னாடி நீங்க வந்து நிக்கிறீங்க. நான் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியிலேருந்தே. வாங்கிட்டுப் போனவங்க ஒவ்வொருத்தரா திருப்பிக் கொண்டாந்தாங்களாம். உங்ககிட்ட சொல்லாதேன்னாரு முதலாளி. சொன்னா என்ன ஆகுமோன்னு அவருக்குப் பயம்.”

அவள் ஓர் எட்டுகூட முன்னால் வைக்கவில்லை.

“உங்களை அழிக்கத்தான் என்னை வேலைக்கு எடுத்தாங்க. ஆனா முன்னாடி வந்து நின்னா எப்படி அழிக்கிறதுன்னு எனக்குத் தெரியலக்கா.”