கந்தசட்டியில் உள்ளி நாற்றம்

1931 ஐப்பசி, கந்தசட்டியின் ஐந்தாம் நாள், காலை 6.10. சாவகச்சேரியில் இரசாயன வாத்தியார் நவரட்ணம் தன் ஆய்வுக் கொட்டிலில் மண்டை பிளந்து கிடந்தார். பக்கத்தில் அம்மிக் குழவி. மேசையில் உடைந்த குடுவை. தெலூரியம் என்ற மூலகத்திலிருந்து ஏழு மாதம் பாடுபட்டு அவர் செய்தெடுத்த கிருமிகொல்லி மஞ்சள் தூளைக் காணவில்லை.

குழவி வாத்தியார் வீட்டுக் குசினியினது. ஆகவே பொலிஸ் சமையற்காரி லூர்த்தம்மாவைப் பிடித்து, ஒன்பது மணிக்குள் அவள் விரல் இரண்டை முறித்திருந்தது. பன்னிரண்டுக்கு நீதவான் கோட்டில் குற்ற ஒப்புதல். பிறகு தூக்கு.

இன்ஸ்பெக்டர் தில்லைநாதன் புகையிலை வியாபாரியின் மகன். எதையும் மணந்து பார்த்தே விலை சொல்லுகிறவர். வாத்தியாரின் மனைவி ஸ்ரெல்லாவிடம் வந்தார்.

"உந்தத் தூளை ஆர் கேட்டவை?"

"மருந்து விக்கிற டிஸ்பென்சரி பஞ்சலிங்கம். மூண்டு தரம் விலை பேசினவர். இவர் குடுக்கேல்லை."

"நீங்கள் ஏன் புறம்பான அறையிலை படுக்கிறனிங்கள்?"

"இவரின்ரை வாய்தான் காரணம். உள்ளிப்பூண்டு தொடாத மனிசன், மாதக்கணக்காய் உள்ளி நாத்தம். தூளின்ரை ஆவி உள்ளுக்குப் போனால் அப்பிடித்தானாம். தனக்குத் தெரியாது, பக்கத்திலை படுக்கிறவளுக்குத்தான் சீவன் போகும்."

11.20. முருகன் கோயில் மண்டபம். நெற்றி நிறைய நீறோடு, நாற்பது விரதகாரர் நடுவில் பஞ்சலிங்கம்.

"அண்ணை, வாத்தியாரின்ரை கொட்டிலுக்குப் போனனிங்களோ?"

"ஒரு மாதமாய் அந்தப் படலையே திறக்கேல்லை."

"தூளைத் தொட்டனிங்களோ?"

"கண்டதுமில்லை."

இன்ஸ்பெக்டர் ஒரு முழம் நெருங்கி மூக்கைச் சுளித்தார். "அப்ப விரதத்திலை உள்ளி தின்னுறனிங்கள்."

நாற்பது தலையும் திரும்பின.

"என்ன கதை ஐயா உது? அஞ்சு நாளாய்ப் பாலும் பழமும். முருகன் அறிய, உள்ளி பல்லிலை பட்டதில்லை."

"பலமாய்ச் சொல்லுங்கோ, எல்லாரும் கேக்கட்டும்."

பலமாகவே சொன்னார்.

"உள்ளி தின்னாத வாயிலை உள்ளி நாறினால், அது தூளின்ரை ஆவி. அடிபாட்டிலை குடுவை உடையேக்கை அங்கை நிண்டவனுக்குத்தான் அது ஏறும். குசினி திறந்து கிடந்தது. குழவியை ஆரும் எடுக்கலாம். லூர்த்தம்மாவின்ரை வாய் வெத்திலைதான் மணக்குது."

மஞ்சள் தூள் டிஸ்பென்சரிப் பெட்டகத்தில் அகப்பட்டது. 11.50க்கு லூர்த்தம்மாவை விட்டார்கள். மன்னிப்புக் கேட்க ஆருக்கும் நேரமிருக்கவில்லை.

மண்டபத்திலேயே விலங்கு பூட்டும்போது தில்லைநாதன் சொன்னார்: "ஒரு பல்லு உள்ளி தின்னனான் எண்டு சொல்லியிருந்தால், நான் வெறுங்கையோடை திரும்பியிருப்பன்."

பஞ்சலிங்கம் மண்டபத்தை ஒருதரம் பார்த்தார். "இத்தினை சனத்துக்கு முன்னாலை எப்பிடி ஐயா அதைச் சொல்லுறது?"

விரதகாரர் பலர், அது நியாயம்தான் என்று தலையாட்டினார்கள்.