நெற்றியில் நின்ற சாம்பல்

தேய்த்த தேங்காய்த் தும்பு தேய்ந்ததே தவிர, றோஸின் நெற்றியில் இருந்த சாம்பல் சிலுவை போகவில்லை. கிணற்றுக்கட்டில் மகளைக் குந்தவைத்து மரியம்மா சவர்க்காரம் போட்டாள், புளி போட்டாள், உப்பும் போட்டுப் பார்த்தாள். அந்தக் கறுப்பு ஈரமாகக்கூட ஆகவில்லை.

"அம்மா, நோகுது. விடுங்கோ."

"சும்மா இரு பிள்ளை. நாளைக்கு இந்த முகத்தோடயே பள்ளிக்கூடம் போகப்போறாய்?"

"விபூதிப் புதனுக்குச் சுவாமி பூசினதை அழிச்சாப் பாவமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

மரியம்மா இன்னொருக்கால் தும்பை நனைத்துத் தேய்த்தாள். கோயிலைக் கூட்டித் துடைக்கிறவள் அவள். போன வருஷத்துக் குருத்தோலைகளை எரித்துச் சாம்பல் எடுத்துக் கொடுப்பதும் அவள்தான். இந்தமுறை வாடைமழைக்குக் கூரை ஒழுகி ஓலைக்கட்டு அழுகிப்போயிற்று. பங்குச் சுவாமியிடம் சொல்லப் பயந்து, துறைமுகத்துப் பழைய பவர்ஹவுசுக்குப் பின்னால் நிலக்கரிச் சாம்பல் கொட்டிக் கொட்டிப் பொட்டலாகிப்போன வெளியில் ஒரு பேணி மண் அள்ளிவந்து சலித்துக் கொடுத்துவிட்டாள். மாப்போல இருந்தது. அதைத்தான் காலையில் எல்லார் நெற்றியிலும் சுவாமி பூசினார்.

பொழுதுபட வேலையால் வந்த கணவன் இக்னேசியஸிடம் அழுதுகொண்டே சொன்னாள். அந்தப் பவர்ஹவுசில் முன்பு கரி தள்ளினவன் அவன்.

"உமக்கென்ன விசரே? அந்த மண்ணில ஈயமும் பாசாணமும் ஊறிக் கிடக்கு. கோழிகூடக் கிளறாது. அதைக் கொண்டுபோய்ப் பிள்ளையின்ர தலையில..."

"கத்தாதேங்கோ. பிள்ளை பயப்பிடும்."

"நான் டொக்டரைக் கூட்டியாறன். நீர் கழுவிக்கொண்டே இரும்." சைக்கிளைத் திருப்பும்போது தன் நெற்றியையும் ஒருக்கால் தடவிப் பார்த்தான்.

இருட்டத் தொடங்கியது. கடற்பக்கமிருந்து உப்புக்காற்று அடித்தாலும், பாயில் கிடந்த மகளின் தலைமாட்டில் குனிந்தபோதெல்லாம், பழுத்த இரும்பில் தண்ணீர் ஊற்றினால் எழும்புகிற மணம் ஒன்று, செப்புக்காசை நாக்கின்கீழ் அடக்கியதுபோன்ற ருசியோடு மரியம்மாவின் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. விளக்கைக் கிட்டப் பிடித்தாள். சிலுவை இப்போது பூசினதுபோல இல்லை. பள்ளமாக இருந்தது.

பிறகு அந்தச் சத்தம். சுளகில் குறுணலை மெல்லச் சரிப்பதுபோல. கூரையில் இல்லை. பாயில்.

"றோஸ்?"

"ஓம் அம்மா."

"நோகுதே?"

"இல்லை. உள்ளுக்குக் காத்துப் போகுது."

சிலுவையிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. இரத்தமில்லை. சாம்பல். புருவத்தால் வழிந்து தலையணையில் குவிந்தது. மரியம்மா உள்ளங்கையால் பொத்தினாள். விரலிடுக்கால் வந்தது. சேலைத் தலைப்பால் கட்டினாள். அதற்குள்ளாலும் வந்தது.

மகளை வாரித் தூக்கிக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடினாள். வீட்டுக்கு வீடு விளக்கு. வீட்டுக்கு வீடு அதே சத்தம். ஒருவரும் கத்தவில்லை.

"அம்மா, இறக்கி விட்டிடாதேங்கோ."

"இல்லையடி செல்லம். விடமாட்டன்."

கனம் குறைந்தது. இறுக்கினாள். இன்னும் குறைந்தது. இன்னும் இறுக்கினாள். மகளின் சட்டைக்குள் அவளுடைய கைகள் ஒன்றையொன்று முட்டின.

தோளோரத்தில் குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"அம்மா, வடிவா இறுக்கிப் பிடியுங்கோ."