தொட்டிலின் பாரம்

ஸ்பிரிங்கின் முனகல் வழக்கத்தைவிட வேகமாக வந்தது.

வீப்கே சமையலறையில் தேநீர்க் கோப்பைகளில் கற்கண்டு போட்டுக்கொண்டிருந்தாள். நான்கு மணிக்கே ஜன்னலில் இருட்டு. கெண்டியின் ஆவியும் ஈரக் கம்பளியின் வாடையும் தேங்கி நின்ற அந்த அறைக்கு, கூடத்து நிலையில் ஸ்பிரிங்கில் தொங்கிய தொட்டில் மேலும் கீழும் ஆடும் சத்தம், மரச்சுவரைத் தாண்டி நாளெல்லாம் வந்துகொண்டிருக்கும். பள்ளியில் பன்னிரண்டு வருடம் இயற்பியல் வகுப்பில் இதைத்தான் நடத்தினாள். பாரம் கூடினால் ஆட்டம் மெதுவாகும். குறைந்தால் வேகமாகும். பலமாக இழுத்துவிட்டாலும் லேசாக விட்டாலும் அது மாறாது.

கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். பத்து ஆட்டத்துக்கு ஆறு நொடி.

ஃபென்யா பிறந்து வீட்டுக்கு வந்த அன்று எட்டு. இப்போது அவளுக்கு ஆறு வாரம்.

“நாலு கிலோ எழுநூறு!” கூடத்திலிருந்து மருத்துவச்சி ஓல்ட்மன்ஸ் குரல் கொடுத்தாள். வாரந்தோறும் வந்து எடை பார்ப்பவள். இன்றும் எடை பார்த்துப் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திய பிறகுதான் ஆட்டம் மறுபடி தொடங்கியிருந்தது. “கன்னுக்குட்டியாட்டம் ஏறுறா உங்க பொண்ணு.”

வீப்கே கூடத்துக்குப் போனாள். அவள் கணவன் ஹென்னிங் தொட்டிலை ஒரு விரலால் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான்.

“ஆட்டம் வேகமா இருக்கு, ஹென்னிங். எடை குறைஞ்சாதான் இப்படி ஆகும்.”

“டீச்சரம்மா ஆரம்பிச்சாச்சு. பிள்ளைக்கு இப்பவே பரீட்சையா?”

“தராசைக் காட்டுங்க.”

மருத்துவச்சி தராசைப் பைக்குள் போட்டாள். “தூக்கமில்லன்னா எல்லாம் இப்படித்தான் தோணும், அம்மாடி.”

தராசின் முள்ளை ஒரு வாரம்கூட வீப்கேக்குக் காட்டியதில்லை. பிரசவ அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு குழந்தையைத் தூக்கவும் விட்டதில்லை. ஹென்னிங்தான் எடுப்பான். படுக்கையில் பக்கத்தில் கிடத்துவான். அவனே எடுத்துப் போவான். எவ்வளவு அன்பு என்று அவள் ஊரெல்லாம் சொல்லியிருந்தாள்.

“நான் தூக்குறேன்.”

“தையல் பிரிஞ்சிடும்.”

இருவரும் சொன்னார்கள். ஒரே நேரத்தில். ஒரே குரலில்.

அவள் ஹென்னிங்கைப் பார்த்தாள். பிரசவ அறையில் ஒன்பது மணி நேரம் அவள் கையை விடாதவன். அவன் அவளைப் பார்க்கவில்லை. மருத்துவச்சியைப் பார்த்தான். அனுமதி கேட்பவன்போல.

வீப்கே குனிந்தாள்.

கொழுத்த கன்னம். மடிப்பு விழுந்த கை. பால் வாடை இல்லை. வெகுநாள் திறக்காத அலமாரியின் வாடை.

கைகளை அடியில் கொடுத்தாள். மூச்சைப் பிடித்துத் தூக்கினாள்.

பாரத்துக்குத் தயாராக இருந்த கைகள் முகவாய்வரை எகிறின.

ஃபென்யா கண்ணைத் திறந்தாள்.

“தூக்காதன்னு எத்தனை தடவ சொன்னேன்,” என்றான் ஹென்னிங். அலுப்பாக. அவன் குரலில் வியப்பே இல்லை.

வாசல் தாழ்ப்பாள் விழும் சத்தம். மருத்துவச்சி வீட்டுக்குள்தான், கதவுக்கு முதுகு கொடுத்து நின்றாள்.

குழந்தை வீப்கேயின் கையில் சிரித்தது. அவள் தொட்டிலைப் பார்த்தாள். பாரம் போனால் ஸ்பிரிங் சுருங்க வேண்டும். தொட்டில் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. வெறும் தொட்டில், குழந்தை கிடந்தபோது ஆடிய அதே வேகத்தில், ஆடிக்கொண்டிருந்தது.