மரக்காலையடிச் சுமைதாங்கி

கொடிகாமத்துக்கு வடக்கே, பனங்காட்டை ஊடறுத்துப் போகும் ஒழுங்கையில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் நின்றது. மத்தியான வெயில். ஜெசிதா இறங்கிப் பின்பெட்டியில் கிடந்த பலகையைப் பார்த்தாள். எழுத்து எங்கும் உரசுப்படவில்லை.

அவள் வேலை செய்த மரபுக் கழகம் தென்மராட்சியின் தெருவோரப் பழங்கற்களுக்கெல்லாம் விளக்கப் பலகை நட்டு வந்தது. இங்கே ஒரு காலத்தில் பனை தறித்துக் கூரைச் சிலாகை போடும் குடும்பங்கள் மட்டுமே இருந்தன. அவர்கள் மரம் சுமந்துபோன வழியில் இந்தச் சுமைதாங்கி நின்றது. இரண்டு தூண், மேலே குறுக்காக ஒரு கல்.

எதிரே மரம் அரிந்து விற்கும் மரக்காலையின் வாசலுக்கு அதன் சொந்தக்காரர் சிவசுப்பிரமணியம் வந்தார். பலகையை நின்று வாசித்தார். ‘மரம் சுமக்கும் ஏழைகள் இளைப்பாற இக்கல்லை நிறுவிய கொடைவள்ளல் கதிரிப்பிள்ளை முதலாளி.’

"ஆர் பிள்ளை உந்தப் பலகையை எழுதினது?"

"நான்தான் ஐயா. கல்லிலையும் அவரின்ரை பேர்தானே கிடக்கு."

"கல்லு அவன் வைச்சதுதான். ஏன் வைச்சவன் எண்டு நீர் எழுதேல்லை." அவர் குரலைத் தாழ்த்தினார். "நிறைமாசக்காரி ஒருத்தி சிலாகைக் கட்டோடை வந்தவள். ஒருக்கா இறக்கி வைக்கக் கேட்டாள். விடேல்லை. பின்னாலை நிண்டு நடக்க வைச்சவன். உதிலைதான் விழுந்து செத்தவள், வயித்துப் பிள்ளையோடை. பிறகு அவளுக்குப் பயந்து வைச்ச கல்லு உது."

ஜெசிதா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "கழகத்திலை கதைச்சு மாத்தலாம் ஐயா. நாளைக்குத் திறப்பு விழா. இண்டைக்கு நட்டே ஆகவேணும்."

"நடாதையும். கொண்டு போம்."

அவர் உள்ளே போனார். படலையைச் சாத்திக் கொண்டி போட்டார். ஒழுங்கையில் இருந்த மற்றப் படலைகளும் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுவது கேட்டது.

லான்ட்மாஸ்டரை ஓட்டி வந்தவன் ஜெசிதாவின் தம்பி நிருஷன். கேட்ட கதைக்குச் சிரித்துக்கொண்டே இரும்பு அலவாங்கால் பலகை நடக் கிடங்கு தோண்டினான்.

மரக்காலைக்குள் ஓடிக்கொண்டிருந்த மரம் அரியும் வாள் நின்றது. காகங்களும் அடங்கின.

பச்சைப் பனை தறித்த மணம் எழுந்தது. அதற்குள் இன்னொரு மணமும் இருந்தது. இரண்டு பிள்ளை பெற்ற ஜெசிதாவுக்கு அது தெரியும். பிரசவ அறையின் மணம்.

நிருஷன் பலகையைத் தோளில் தூக்கினான். காலையில் ஒற்றைக் கையால் ஏற்றிய பலகை.

"அக்கா, பாரமாக் கிடக்கு."

"இறக்கி வை."

"ஏலாமல் கிடக்கு அக்கா."

அவனுடைய முழங்கால்கள் வளைந்தன. காய்ந்து இறுகிய தரையில் பாதங்கள் புதைந்தன. ஜெசிதா ஓடிப்போய் மற்ற முனையைப் பிடித்தாள். அசைக்க முடியவில்லை. அவளுடைய காதோரம் யாரோ மூச்சு வாங்கினார்கள். பெண்ணின் மூச்சு.

"இறக்காதை."

நிருஷன் அழத் தொடங்கினான்.

"நட."

அவன் நடந்தான். கிடங்கைத் தாண்டி, கல்லைத் தாண்டி, தெருப் பக்கமாக. ஜெசிதா மரக்காலைப் படலையில் இரண்டு கையாலும் அடித்தாள்.

"ஐயா, திறவுங்கோ. தம்பியைப் பிடியுங்கோ."

படலைக்கு உட்புறம் செருப்புச் சத்தம் வந்து நின்றது. கொண்டி அசையவில்லை.

அவள் அலவாங்கை எடுத்துக்கொண்டு ஓடினாள். தம்பியின் பக்கத்தில் நடந்தபடியே முதலாளியின் பெயரைச் சுரண்டினாள். கைத்தோல் உரிந்தது. பெயின்ற் உதிர்ந்து பெயர் முழுதும் அழிந்தது. பாரம் குறையவில்லை. நிருஷனின் மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தது.

"அவனை விடுங்கோ அம்மா," அவள் மண்ணில் விழுந்து கும்பிட்டாள். "அவன் உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லை."

மூச்சு ஒரு கணம் நின்றது.

"அண்டைக்கும் ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை."

பெரிய தெருவில் ஏறும் இடத்தில் நிருஷன் சரிந்தான். காரை எலும்பு முறிந்த சத்தம் ஜெசிதாவுக்குக் கேட்டது. பலகை பக்கத்தில் விழுந்தது. காற்று அதை லேசாகப் புரட்டி மழைநீர் ஓடும் காணுக்குள் தள்ளியது.

மறுநாள் விழா நடக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தோளைக் கட்டியிருந்தார்கள். நிருஷன் எழும்பி நடந்தான், கஞ்சி குடித்தான். பின்னேரம் மருந்தின் அளவு பார்ப்பதற்காகத் தாதி அவனை நிறைத் தராசில் ஏற்றினாள். முள்ளைக் குனிந்து பார்த்தாள். இறக்கி, மீண்டும் ஏற்றினாள்.

"அக்கா, அவரைப் பிடிச்சு அமத்தாதையுங்கோ," என்றாள், முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல். "கையை எடுங்கோ."

ஜெசிதா வாசலடியில் நின்றுகொண்டிருந்தாள்.